தனக்குத் தைப்பது வேறு, பிறருக்குத் தைப்பது வேறு

பள்ளிப் படிப்பை முடித்த மகள் மேற்படிப்பில் ஆர்வம் காட்டாமல் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுத்துச் சம்பாதிக்கப் போவதாகச் சொல்வதையும், அதை நம்பி விடலாமா என்ற உங்கள் தயக்கத்தையும் எழுதியிருந்தீர்கள். தனக்கும் தங்கைக்கும் அவர் தைத்த உடைகளைப் பார்ப்பவர்கள் எல்லாரும் பாராட்டுகிறார்கள் என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்தப் பாராட்டை இப்போதைக்குக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தனக்குத் தைப்பதும் பிறருக்குத் தைப்பதும் ஒரே இயந்திரத்தில் நடக்கும் இரு வேறு வேலைகள். உங்கள் மகள் முதல் வேலையை மட்டுமே இதுவரை செய்திருக்கிறார்.

தன் உடம்பின் அளவு அவருக்கு மனப்பாடம். அக்குளில் பிடித்தால் அன்றிரவே பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். பிறர் உடம்போ ஒரு தோள் சற்று இறங்கியிருக்கும், முதுகு கூனியிருக்கும், அளவுநாடாவைப் பார்த்ததும் வயிறு உள்ளே போய்விடும். அளவுச் சட்டை ஒன்றைக் கொடுத்து "இதே மாதிரி" என்பார்கள். அது பல முறை துவைத்துத் தொய்ந்துபோன சட்டையாக இருக்கும். மார்புச் சுற்றளவு 90 செ.மீ. என்றால், நீளாத நெய்த துணியை 90க்கே வெட்டித் தைத்த சட்டையில் கையைத் தூக்க முடியாது. உடம்பை ஒட்டிய சட்டைக்குக்கூட எட்டுப் பத்து செ.மீ. தளர்வு விட வேண்டும். இழுத்தால் நீளும் பின்னல் துணியில் இந்தக் கணக்கே மாறிவிடும்.

துணியும் பிறருடையது. தையல் தப்பினால் பிரிக்கலாம். வெட்டு தப்பினால் துணியை விலை கொடுத்து ஈடுகட்ட வேண்டியதுதான். பருத்தித் துணியை நனைத்து உலர்த்தாமல் வெட்டினால், அது 100க்கு 4 சுருங்கும் ரகமாக இருக்கும்பட்சத்தில், ஒரு மீட்டர் நீளக் கால்சட்டை முதல் சலவையிலேயே 4 செ.மீ. குறைந்துவிடும். துணியை மிச்சப்படுத்த நினைத்து, பாவு நூல் (துணியின் நீளவாக்கில் செல்லும் நூல்) ஓடும் திசையை விட்டுச் சற்றுச் சாய்த்து வெட்டினால், தைத்த அன்று நேராக நின்ற பக்கத் தையல் துவைத்தபின் முழங்காலுக்கு முன்னால் முறுக்கிக்கொண்டு வரும். ஊசியின் எண்ணைக்கூட அவர் கவனிக்கிறாரா என்று பாருங்கள். 70 என்பது 0.7 மி.மீ. தடிமன், மெல்லிய துணிக்கு உரியது. அதைக் கொண்டு ஜீன்ஸ் துணியின் மடிப்பைத் தைத்தால் ஊசி ஒடியும்.

ஆகவே புதுத் துணி வெட்டித் தைப்பதற்கு முன், ஆல்ட்ரேஷன் வேலைகளை வாங்கிச் செய்யச் சொல்லுங்கள். இடுப்பைப் பிடிப்பது, அடி மடிப்பது, ஜிப் மாற்றுவது போன்றவற்றைச் சிறிய வேலை என்று பலரும் ஒதுக்குகிறார்கள்; என் பார்வையில் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. பிறர் தைத்ததைப் பிரிக்கும்போதுதான் உள்தையலுக்கு எவ்வளவு விட்டிருக்கிறார்கள், காலர் எந்த வரிசையில் ஏறியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கூடவே, அனுபவமுள்ள தையற்காரர் ஒருவரிடம் ஆறு மாதமாவது காஜா, பட்டன் வேலைக்குக்கூடப் போய் உட்காரலாம்.

அடுத்தது கூலி. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்காமல் மனம்போல ஒரு தொகை சொல்வதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு. ஒவ்வொரு உருப்படிக்கும் அளவெடுக்க, வெட்ட, தைக்க, பிசிறு நீக்க, இஸ்திரி போட, திருத்த எத்தனை நிமிடம் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதி வரட்டும். இயந்திரம் ஓடிய நேரம் அதில் பாதிகூட வராது என்பது அப்போது தெரியும். ஆயத்த ஆடையின் விலையோடு போட்டியிட வேண்டாம். வீட்டு இயந்திரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் தையல் போடும், தொழிற்சாலை இயந்திரமோ ஐயாயிரம் வரை போடும், அங்கே காலர் தைப்பவர் நாள் முழுதும் காலர் மட்டுமே தைப்பார். கடையில் எந்த அளவும் பொருந்தாத உடம்புக்குப் பொருந்தும்படி தைப்பதுதான் வீட்டுத் தையலுக்கு உள்ள இடம்.

முதலீடு என்று பார்த்தால், பூவேலை செய்யும் விலையுயர்ந்த இயந்திரத்தை இப்போது வாங்கித் தர வேண்டாம். நேர்த்தையல் சீராக விழும் இயந்திரமும், துணிக்கு மட்டும் என ஒதுக்கிய கத்தரியும், நல்ல இஸ்திரிப் பெட்டியும் போதும். இஸ்திரிப் பெட்டியை நான் இயந்திரத்துக்குச் சமமாகவே வைப்பேன். ஒவ்வொரு தையலையும் போட்டவுடன் தேய்க்காத உடை எவ்வளவு நன்றாக வெட்டியிருந்தாலும் வீட்டுத் தையலாகவே தெரியும்.

படிப்பை விடுவதா என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. சொந்தக்காரர் அல்லாத மூன்று பேருக்கு, சொன்ன தேதியில், கூலி வாங்கிக்கொண்டு அவர் தைத்துக் கொடுக்கட்டும். அந்த மூவரில் எத்தனை பேர் அடுத்த துணியோடு வந்தார்கள் என்பதையும், நிமிடக் கணக்கு எழுதிய நோட்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். மேற்கொண்டு அப்போது பேசுவோம்.