பின்னால் அமர்பவருக்கும் நல்ல தலைக்கவசமே வேண்டும்

வணக்கம் ஐயா. திருமங்கலத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு நாள்தோறும் பின்னால் அமர்ந்து வரும் உங்கள் மனைவிக்கு, சாலையோரம் விற்கும் மலிவான தலைக்கவசம் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு பின்னால் அமர்பவருக்கும் பொருந்தும். மீறினால் 1000 ரூபாய் அபராதம் உண்டு. ஆனால் அபராதத்தைவிட எனக்குக் கவலை தருவது அந்த மெல்லிய ஓடுதான். கப்பலூர் நான்குவழிச் சாலையின் வேகத்தில் விழ நேர்ந்தால், அடியைப் பெரிதும் வாங்கிக்கொள்வது உள்ளே நசுங்கிக் கொடுக்கும் தெர்மாகோல் அடுக்கு. மலிவானவற்றில் பல நேரங்களில் வெறும் பஞ்சும் துணியுமே இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 4151 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, தலைக்கவசம் இறப்பு அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடு குறைப்பதாகக் கூறுகிறது. கடைக்கு அவரையும் அழைத்துச் சென்று, கொண்டையைத் தாழ்த்தி முடிந்துகொண்டு, வாரை மாட்டி அணிந்து பார்க்கச் சொல்லுங்கள். தலையை அசைக்கும்போது கவசம் தனியாக ஆடக் கூடாது.