ஒட்டுப் போட்ட பைப் லைன் எத்தன நாள் தாங்கும்?

கேள்வி: கிணத்துல இருந்து தோட்டத்துக்கு 30 வருஷம் முன்னாடி போட்ட ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பைப் லைன், ஒரு எடத்த அடைச்சா இன்னொரு எடத்துல பொத்துக்குது. மொத்தமா மாத்திடலாம்னு நான் சொல்றேன், அண்ணன் ஒட்டுப் போட்டே ஓட்டலாங்கறாரு. யார் சொல்றது சரி?

பதில்: நீங்க சொல்றதுதான் சரினு தோணுது, ஆனா அண்ணனுக்கு கண்ணால காட்டிடுங்க. கடைசி வால்வ மூடிட்டு மோட்டார போட்டு லைன்ல தண்ணி நிரப்புங்க, பிரஷர் ஏறுனதும் மோட்டார் பக்கத்து கேட் வால்வையும் மூடிட்டு நிறுத்திடுங்க, லைன்ல மாட்டுன பிரஷர் கேஜ் முள்ளு மடமடன்னு எறங்குச்சுன்னா உள்ள எங்கயோ பெருசா கசியுதுன்னு அர்த்தம். நடுவுல வால்வு இருந்தா அத முழுசா மூடி, லைன ரெண்டு பாதியா பிரிச்சு ஒவ்வொரு பாதியையும் தனித்தனியா பாருங்க, ஒரு பக்கம் மட்டும் எறங்குனா அந்தப் பக்கத்த மட்டும் மாத்துனா போதும், அண்ணனுக்கும் பாதி ஜெயிச்ச மாதிரி ஆச்சு.

பழைய பைப்ப தோண்டி எடுக்கவே வேணாம். அத மெஷின் வச்சு அறுத்தா வர்ற தூசி நுரையீரல்ல போய் தங்கிடும், பல வருஷம் கழிச்சு கேன்சர் வரைக்கும் கொண்டு போய் விடும். அது மண்ணுக்குள்ளயே கெடக்கட்டும், பக்கத்துல புதுசா குழி வெட்டி பிவிசியோ ஹெச்டிபிஇயோ ஏதாவது ஒரு பிளாஸ்டிக் பைப் போடுங்க, வேல முடியுற வரைக்கும் பழைய லைன்லயே பாசனமும் நடக்கும்.

சைஸ் விஷயத்துலதான் நிறைய பேர் கோட்ட விடுறாங்க. பழசு 3 இன்ச்னா புதுசும் 3 இன்ச்னு வாங்கிடாதீங்க. அதே தண்ணி 4 இன்ச்ல போனா உராய்வுல வீணாகுற பிரஷர் கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கா கொறஞ்சிடும், தூரம் அதிகமா இருந்தா கடைமடைல வித்தியாசம் நல்லாவே தெரியும். பைப் தாங்குற பிரஷரையும் பாத்து வாங்கணும், 10 மீட்டர் ஒசரத்துக்கு சுமார் 1 கிலோ பிரஷர்னு கணக்கு.

உழவு கலப்ப படாத ஆழத்துல, ஒரு 3 அடி கீழ, கல்லு இல்லாத மண்ணு பரப்பி அதுமேல போடுங்க. மேடான எடத்துல ஏர் வால்வு கட்டாயம், இல்லனா காத்து அடைச்சுக்கிட்டு தண்ணி சரியா வராது. பெண்ட் வர்ற எடத்துல கான்கிரீட் கட்ட வைங்க, மோட்டார் நிக்கும்போது தண்ணி திரும்பி அடிக்குற அடிதான் ஜாயின்ட்ட கழட்டுறது. பிவிசி ஜாயின்ட்டுக்கு ஒட்டுற சொல்யூஷன் போட்டா ஒரு நாள் காய விட்டுட்டு தண்ணி விட்டுப் பாருங்க. ஜேசிபிக்காரர் அவசரப்படுத்துவாரு, ஆனா ஜாயின்ட்ட எல்லாம் பாத்து முடிக்கற வரைக்கும் குழிய மூட விடாதீங்க.