சீனாவுல இருக்குற ஜாங்ஜியாஜியே வனப் பூங்காவுக்கு எத்தனை நாள் வேணும்? வயசான அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

மூணு முழு நாள் வேணும், நாலு கிடைச்சா இன்னும் நல்லது. அம்மா அப்பாவையும் தாராளமா கூட்டிட்டுப் போகலாம். ஆனா தயவுசெஞ்சு ஒரே நாள்ல சுத்திக் காட்டுற டூர்ல மட்டும் சேந்துடாதீங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா வரும்.

நான் குவாங்சோவுல வேலை பாக்குறேன், அம்மா ஊர்ல இருந்து விசா எடுத்து ரெண்டு மாசம் என்கூட இருக்க வந்திருந்தாங்க, வயசு 64, வலது முட்டி தேஞ்சு போச்சுன்னு டாக்டர் படியேற வேணாம்னு சொல்லியிருக்காரு, போதாததுக்கு முழு சைவம். சீனாவுல ஒரே ஒரு இடம் காட்டணும்னா எதைக் காட்டுறதுன்னு யோசிச்சப்ப தூண் தூணா பாறை நிக்கிற இந்த மலைதான் எனக்குத் தோணுச்சு. ஏப்ரல் மாசம் போனோம். குவாங்சோ தெற்கு ஸ்டேஷன்ல அதிவேக ரயில் ஏறி ஹுனான் மாகாணத்துல ஜாங்ஜியாஜியே மேற்கு ஸ்டேஷன்ல இறங்குனோம், அங்க இருந்து டாக்ஸில வூலிங்யுவான்.

இந்தப் பேருங்கதான் எல்லாரையும் குழப்புது, அதை முதல்ல தெளிவு பண்ணிடுறேன். ஜாங்ஜியாஜியேங்கறது ஊர் பேரும்தான், பூங்கா பேரும்தான். ஊருக்கு முன்னாடி தாயோங்னு பேரு, பூங்கா பிரபலம் ஆனப்புறம் 1994-ல ஊர் பேரையே மாத்திட்டாங்க. பூங்கா ஊர்ல இருந்து 30 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு, அதோட வாசல்ல இருக்குற சின்ன டவுன்தான் வூலிங்யுவான், ரூம் அங்க போடுங்க, சிட்டில போடாதீங்க, போட்டா தினமும் காலைல நல்ல நேரம் பஸ்ஸுலயே போயிடும். அப்புறம் 999 படி, மலைல பெரிய ஓட்டை, 99 வளைவு ரோடுன்னு வீடியோல பாத்திருப்பீங்களே, அது தியான்மென் மலை, சிட்டி பக்கத்துல இருக்கு, பூங்காவுக்குள்ள இல்ல, டிக்கெட்டும் வேற. கண்ணாடிப் பாலமும் பூங்காவுக்கு வெளிய, அதுக்கும் தனி டிக்கெட். நாங்க அது ரெண்டுக்கும் போகல, எனக்கு அதுல வருத்தமும் இல்ல.

பூங்கா டிக்கெட் நாலு நாள் செல்லும். பாஸ்போர்ட் நம்பர் குடுத்து வாங்கணும், உள்ள ஓடுற பஸ் அதுலயே சேந்தது, லிஃப்டுக்கும் கேபிள் காருக்கும் மட்டும் தனியா காசு. இந்த நாலு நாளுங்கறதை லேசா எடுத்துக்காதீங்க, எங்க பயணத்தைக் காப்பாத்துனதே அதுதான்.

முதல் நாள் காலைல மழை. ரெயின்கோட் வாங்கிப் போட்டுட்டு பைலாங் லிஃப்டுக்குப் போனோம். நூறு டிராகன்னு அர்த்தம், 326 மீட்டர் உயரம், 2002-ல இருந்து ஓடுது, மலைச் சுவத்துலயே கட்டியிருக்காங்க. பாதி தூரம் பாறைக்குள்ள இருட்டா போகுது, திடீர்னு வெளிய வந்தா கண்ணாடி வழியா முழுப் பள்ளத்தாக்கும் தெரியணும். எங்களுக்குத் தெரிஞ்சது வெள்ளை, வெறும் வெள்ளை. மேல யுவான்ஜியாஜியேங்கற மேட்டுப் பகுதில இறங்கி வேலி ஓரமா ஒவ்வொரு வியூ பாயிண்டா நடந்தோம், எல்லா இடத்துலயும் அதேதான், பத்தடி தள்ளி இருக்குற மரம்கூட சரியா தெரியல. கொடி பிடிச்ச கைடுங்க பின்னாடி வந்த குரூப்புங்க எல்லாம் அந்த வெள்ளை முன்னாடியே நின்னு போட்டோ எடுத்துட்டு அடுத்த பாயிண்டுக்கு ஓடிட்டாங்க, அவங்களுக்கு மத்தியானம் வேற இடம் இருக்கு, என்ன பண்ணுவாங்க பாவம். அம்மா போடிநாயக்கனூர் பக்கத்து ஆளு, மலையடிவாரத்துலயே பொறந்து வளந்தவங்க, வேலியைப் பிடிச்சுட்டு கொஞ்ச நேரம் பாத்துட்டு சொன்னாங்க: "மஞ்சு இறங்கியிருக்குடி, இது இன்னைக்கு விடாது. நாளைக்கு வெயில் பட்டா தூக்கும்." நானும் நம்பி கீழ கூட்டிட்டு வந்துட்டேன்.

அங்கதான் அவதார் படத்துல வர்ற மிதக்குற மலையோட சாயல்ல ஒரு தூண் இருக்கு. தெற்கு வானத்துத் தூண்னு சீன மொழில பழைய பேரு, படம் ஓடுனப்புறம் 2010 ஜனவரில படத்துல வர்ற மலையோட பேரையே அதுக்கும் வச்சுட்டாங்க. எனக்குப் பழைய பேருதான் பிடிச்சிருக்கு.

ரெண்டாவது நாள் மழை விட்டுருச்சு ஆனா மேகம் அப்படியே இருந்துச்சு. தியான்ஸி மலைக்குக் கேபிள் கார்ல போனோம். தியான்ஸின்னா வானத்தின் மகன், அதாவது சக்கரவர்த்தி. இந்தப் பக்கத்து துஜியா மக்களோட தலைவர் ஷியாங் தாகுன்னு ஒருத்தர் எழுச்சி பண்ணி தன்னைத்தானே சக்கரவர்த்தின்னு அறிவிச்சுக்கிட்டாராம், அவரோட தூரிகைங்கதான் மேல கூரா நிக்கிற அந்தச் சின்னத் தூணுங்கன்னு கதை சொல்றாங்க. ஒன்பது மணிக்கு மேல போய் சேந்தோம், எதுவும் தெரியல. ஒரு திண்டு பாத்து உக்காந்துட்டோம். ஃப்ளாஸ்க்ல சுடுதண்ணி இருந்துச்சு, அம்மா ஊர்ல இருந்து கொண்டு வந்த முறுக்கு இருந்துச்சு, வேற வேலை இல்ல. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. வெயில் லேசா பட ஆரம்பிச்சப்ப முதல்ல ஒரு பைன் மரத்தோட நுனி மட்டும் வந்துச்சு, கீழ ஒண்ணும் இல்ல, அந்தரத்துல மரம். அப்புறம் அது நிக்கிற பாறை, அப்புறம் அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு, அதுக்குப் பின்னாடி நாலஞ்சு, ஒவ்வொண்ணா மேகத்துக்குள்ள இருந்து எந்திரிச்சு வர்ற மாதிரி. கீழ பள்ளத்தாக்குல மேகம் பாலு பொங்குற மாதிரி கிளம்பி மேல வந்து மறுபடி மூடுது, மறுபடி விலகுது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. பக்கத்துல நின்ன சீனப் பாட்டி ஒருத்தங்க அதைப் பாத்துட்டு அவங்களும் தலையாட்டி சிரிச்சாங்க. ஒரு இருபது நிமிஷம் இருக்கும், அதுக்குள்ள பல தடவை மூடித் திறந்துச்சு. சரியா சொல்லணும்னா மேகம் இல்லாம முழு வெயில்ல அடுத்த நாள் யுவான்ஜியாஜியே போய் எல்லாத் தூணையும் தெளிவா பாத்தோம், அதுவும் அழகுதான், ஆனா இந்த இருபது நிமிஷம் மாதிரி இல்ல. அதனாலதான் சொல்றேன், நாள் குடுங்க அந்த இடத்துக்கு. மழை பேஞ்ச மறுநாள் காலைல மேல இருக்குற மாதிரி பிளான் பண்ணுங்க.

அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்த உச்சில யாருடி ஏறி மரம் நட்டா?" யாரும் நடல. வூலிங் பைன்னு சொல்றாங்க, பாறை வெடிப்புல விழுந்த விதைல இருந்து தானா முளைக்குது. இந்தத் தூணுங்க எப்படி வந்துச்சுன்னும் அதுலயே இருக்கு. சுமார் 38 கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்க கடல், அடில படிஞ்ச மணல் இறுகி குவார்ட்ஸ் மணற்கல்லா ஆச்சு, அப்புறம் நிலம் மேல எழும்புனப்ப அதுல நெட்டுக்குத்தா வெடிப்புங்க விழுந்துச்சு. அந்த வெடிப்புல மழைத்தண்ணி இறங்குது, குளிர்காலத்துல உறைஞ்சு விரியுது, மர வேரும் உள்ள போய் நெம்புது, ஓரத்துல இருந்து பாளம் பாளமா கல்லு விழுந்து ஓடைல போயிடுது, மிச்சம் நிக்கிறதுதான் தூண். நிறைய பேரு இது சுண்ணாம்புக்கல் மலைன்னு நினைக்கிறாங்க, குய்லின் பக்கம் இருக்குறது அது, இது மணற்கல். 3,000-க்கும் மேல தூணுங்க இருக்கு, அதுல நிறைய 200 மீட்டருக்கும் மேல உயரம். அம்மாவுக்கு இதை எல்லாம் விளக்குனப்ப, "அப்ப இன்னும் தேஞ்சுட்டேதான் இருக்குதா"ன்னு கேட்டாங்க. ஆமா.

இவ்வளவு பெரிய இடம் வெளிய தெரிய வந்ததே சமீபத்துலதான். ரொம்ப காலம் அரசு காடு வளர்க்குற பண்ணையா இருந்துருக்கு, 1979-ல வூ குவான்சோங்ங்கற ஓவியர் வந்து பாத்து இதைப் பத்தி எழுதுனப்புறம்தான் வெளியூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சுருக்கு. 1982-ல சீனாவோட முதல் தேசிய வனப் பூங்கா ஆக்குனாங்க, 1992-ல சுத்தியிருக்குற வூலிங்யுவான் பகுதி முழுக்க உலகப் பாரம்பரியப் பட்டியல்ல வந்துச்சு. அப்புறம் உள்ளயே ஹோட்டலும் கடையுமா கட்டித் தள்ளிட்டாங்க, 1998-ல யுனெஸ்கோ ஆளுங்க வந்து கண்டிச்சுட்டுப் போனாங்க, அதுக்கப்புறம் நிறைய கட்டடங்களை இடிச்சு ஆளுங்களையும் கீழ குடியேத்துனாங்க. இப்பவும் தியான்ஸி மலை உச்சில மெக்டொனால்ட்ஸ் இருக்கு, எனக்கு அது வேண்டாத இடத்துல இருக்குற மாதிரிதான் பட்டுச்சு. லிஃப்ட் கட்டுனதுக்கும் பெரிய எதிர்ப்பு வந்துச்சு. அதுல மட்டும் என்னால ஒரு பக்கமா பேச முடியல, அது இல்லன்னா என் அம்மா அந்த மேல்தளத்தைப் பாத்திருக்கவே முடியாது.

முட்டி வலி இருக்குறவங்களுக்கு சொல்றேன். லிஃப்ட், கேபிள் கார், உள்ள பஸ், இது மூணும் சேந்தா முக்கால்வாசி இடம் பாத்துடலாம், ஆனா பாயிண்டுக்குப் பாயிண்ட் படி இருக்கத்தான் செய்யுது, ஒரு ஊன்றுகோல் வாங்கிக்கோங்க. சபரிமலைல இருக்குற டோலி மாதிரி இங்கயும் மூங்கில் நாற்காலில தூக்கிட்டுப் போறவங்க இருக்காங்க. நான் அம்மாவை உக்காரச் சொன்னேன், விலையும் பேசிட்டேன், அம்மா அந்த ரெண்டு பேரையும் பாத்தாங்க, ஒருத்தருக்கு அறுபது வயசு இருக்கும். "என் வயசு இருக்கும்டி அவருக்கு, அவர் தோள்ல நான் உக்காரவா"ன்னு மெதுவா படியிறங்க ஆரம்பிச்சுட்டாங்க. அது அவங்களோட பொழப்பு, உக்காந்தா அவங்களுக்கு வருமானம்னு எனக்கும் தெரியும், ஆனா அம்மாவை நான் கட்டாயப்படுத்தல. ரொம்ப முடியாதவங்க கண்டிப்பா உக்காருங்க, ஏறுறதுக்கு முன்னாடி மொத்த விலையைப் பேசி ஃபோன்ல டைப் பண்ணி காட்டிடுங்க. எங்ககிட்ட டாக்ஸிக்காரர் ஒருத்தர் பேசுனதுக்கு மேல கேட்டாரு, எழுதிக் காட்டாதது என் தப்பு.

சாப்பாடு. ஹுனான் காரம் நம்ம காரத்தையே தூக்கி சாப்பிட்டுரும், அசைவம் சாப்பிடுறவங்களுக்கு துஜியா ஆளுங்க செய்யுற சான்ஷியாகுவோன்னு ஒரு சட்டில கொதிக்குற ஐட்டம் இருக்கு, ஊர் முழுக்க அதான். சைவத்துக்குத்தான் பாடு, காய் பொரியல்லயும் பன்றிக் கொழுப்பு, புகையில போட்ட இறைச்சித் துண்டு சேப்பாங்க. "வோ ச்சு சு"ன்னு சொன்னா சைவம்னு அர்த்தம், ஆனா அதோட நிறுத்தாதீங்க, கறி வேணாம், பன்றிக் கொழுப்பு வேணாம், முட்டை வேணாம்னு சீன எழுத்துல ஒரு ஸ்க்ரீன்ஷாட் வச்சுக்கோங்க. நாங்க தங்குன இடத்துல ஒரு அக்கா அதைப் படிச்சுட்டு எங்களை சமையல்கட்டுக்கே கூப்பிட்டு எண்ணெய் பாட்டிலைக் காட்டி இது ஓகேவான்னு கேட்டாங்க, மூணு நாளும் காலிஃப்ளவர், தோஃபு, முட்டைக்கோஸ், சோறு. அம்மா இட்லிப் பொடியை எடுத்து அவங்களுக்கும் குடுத்தாங்க, அவங்க நல்லா சாப்பிட்டாங்க.

பணம் முழுக்க அலிபே, வீசாட்ங்கற ஃபோன் ஆப்லதான், நம்ம கார்டை அலிபேல சேத்துடலாம், கிளம்புறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க. கூகுள் மேப்பை நம்பாதீங்க. அக்டோபர் முதல் வாரமும் மே முதல் தேதியை ஒட்டி வர்ற லீவும் வேணவே வேணாம், லிஃப்ட் க்யூவுலயே மணிக்கணக்கா நிக்கணும். குரங்குங்க இருக்கு, கைல பிளாஸ்டிக் பை இருந்தா வந்து பிடுங்கும்.

கடைசி நாள் டிக்கெட் மிச்சம் இருந்துச்சு, ரயில் சாயங்காலம்தான். தங்கச் சாட்டை ஓடைக்குப் போனோம், சீன மொழில ஜின்பியன். பள்ளத்தாக்கு அடில ஓடை ஓரமா கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர் கல் பாவுன பாதை, வனப் பூங்கா வாசல்ல ஆரம்பிச்சீங்கன்னா தண்ணி போற பக்கமே நடக்கலாம், லேசான இறக்கம், முட்டிக்குக் கஷ்டமே இல்ல. பெரியவங்களுக்கு ஒரே ஒரு இடம்தான் முடியும்னா நான் லிஃப்டை விட்டுட்டு இதைத்தான் சொல்வேன். ரெண்டு பக்கமும் பாறை நிமிந்து நிக்குது, வெயில் பத்து மணிக்கு மேலதான் தரைக்கே வருது, தண்ணி சத்தம், பறவை சத்தம், அவ்வளவுதான். நாலு மணி நேரம் உக்காந்து உக்காந்து நடந்தோம். ஒரு இடத்துல அம்மா நின்னு கழுத்து வலிக்குற அளவுக்கு அண்ணாந்து பாத்துட்டே இருந்தாங்க, என்னம்மான்னு கேட்டேன். "நேத்து மேல இருந்து குனிஞ்சு பாத்தோமே, குச்சி மாதிரி இருந்துச்சே, அது இதோட தலைதானா?" அதேதானான்னு எனக்கும் தெரியல. பக்கத்துல போய் அந்தப் பாறைல கையை வச்சாங்க, மழை ஈரம் இன்னும் காயாம இருந்துச்சு, விரல்ல ஒட்டுன மணலை எனக்குக் காட்டுனாங்க.