‘குந்தினுகீது’ கவிதையில் வரலாமா?

அன்புள்ள அக்கா,

நான் வேலூர்ப் பக்கம் குடியாத்தத்துக்காரி. இப்போது கோவையில் வேலை. எங்கள் ஆயா கடைசிவரை பீடி சுற்றியவர். என் படிப்பு முடியும்வரை அம்மாவும் சுற்றினார். கல்லூரி விடுதியில் என் பேச்சைக் கேட்டு, “இது தமிழா தெலுங்கா?” என்றார்கள். “சினிமா ரவுடி மாதிரி பேசுற” என்று சிரித்தார்கள். ஒரு வருஷத்துக்குள் பேச்சை மாற்றிக்கொண்டேன். இப்போது ஊருக்குப் போனாலும் பழைய பேச்சு வாயில் வருவதில்லை. ஆயா இறந்த பிறகு எழுதிய கவிதை இப்படித் தொடங்குகிறது:

எலைய நனச்சி வெச்சிக்கினு
ஆயா குந்தினுகீது
மொறம் மடியில
பேச்சு வாசல்ல

ஒரு மூத்த கவிஞரிடம் காட்டினேன். “‘கீது’ வந்தாலே படிக்கிறவன் சிரிச்சிடுவான்” என்று சொல்லி, “இலைகள் நனைத்து அமர்ந்திருக்கிறாள் பாட்டி” என்று திருத்திக் கொடுத்தார். அம்மாவோ, “பீடி சுத்துனத ஊருக்கெல்லாம் சொல்லணுமா?” என்கிறார். நானே பேசாத பேச்சில் எழுதுவது வேஷம் போடுவது ஆகாதா?

(என் பெயர் வேண்டாம், அக்கா.)

---

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம்.

திருத்தியவர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் அந்தத் திருத்தத்தில் ஆயா காணாமல் போய்விட்டார். நம் பக்கத்தில் வீட்டுப் பெரியவளை ‘அது’ என்றுதான் சொல்வோம். அம்மா சொல்லுச்சி, அத்தை வந்துச்சி, ஆயா தூங்குது. வெளியூர்க்காரர் காதுக்கு இது மரியாதைக் குறைவாகப் படும். நமக்கோ மடியில் படுத்து வளர்ந்த உரிமையே அந்த ‘து’வில்தான் இருக்கிறது. ‘அமர்ந்திருக்கிறாள்’ என்றதும் ஆயா யாரோ ஒரு மூதாட்டி ஆகிவிடுகிறார். பீடி சுற்றும் வீடுகளை நான் பார்த்து வளர்ந்தவள். முறம் மடியில், முதுகு சுவரில், இலையைத் தகடு வைத்துக் கத்தரித்து, தூள் போட்டு, உருட்டி, நூல் கட்டி, முனையை மடித்து, பொழுது விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை அப்படியே இருப்பார்கள். 1000 பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த இருப்புக்கு ‘அமர்தல்’ என்ற சொல் ஒட்டவே ஒட்டாது. உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். இன்னா, கீது, இஸ்துக்கினு, அவனாண்ட என்றெல்லாம் பேசுகிறவனைத் தமிழ் சினிமா பல காலமாக ரவுடியாகவும் ரிக்‌ஷாக்காரனாகவும் கோமாளியாகவுமே காட்டி வந்திருக்கிறது. ஆகவே கோவைக்காரரும் மதுரைக்காரரும் இந்தப் பேச்சை முதலில் கேட்டது திரையரங்கில். செங்கல்பட்டிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் பிழைக்கப் போன ஜனங்கள் கொண்டுபோன பேச்சுக்கு மெட்ராஸ் பாஷையில் பெரிய பங்கு உண்டு. அங்கே கேலிக்கு ஆளாகி, அதே கேலியோடு அது நம்மிடமே திரும்பி வந்தது. உங்கள் விடுதித் தோழிகள் சிரித்தது அதைக் கேட்டுத்தான். ஆயாவை அவர்கள் கேட்டதே இல்லை.

‘தமிழா தெலுங்கா’ என்ற கேள்விக்கு நம் ஊர்ச் சரித்திரமே பதில் சொல்லும். 1911 வரை வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைமையிடம் இன்றைக்கு ஆந்திராவில் இருக்கும் சித்தூர். அந்த வருஷம் சித்தூர் தனி ஜில்லா ஆன பிறகுதான் வேலூருக்கு அந்த இடம் வந்தது. திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960இல். இந்தப் பக்கம் ஆர்க்காட்டு நவாபின் ஊர், மேல்விசாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று உருது புழங்கும் தெருக்கள். இத்தனைக்கும் நடுவில் வளர்ந்த தமிழில் தெலுங்கு நைனாவும் இருக்கும், உருதுவிலிருந்து வந்த தபாவும் இருக்கும், பேஜாரும் இருக்கும். அடுத்த வீட்டோடு பேசி வாழ்ந்த ஜனங்களின் தமிழ் இது. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

வேஷம் என்றீர்களே, அதற்கு வருகிறேன். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் வதம் நடிக்கும் படுகளமும் தீமிதியும். கூத்தில் ராஜா திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் பாடிக்கொண்டு வருவார். சுத்தமான இலக்கியத் தமிழ். பாட்டு முடிந்ததும் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நம் தெருப் பேச்சில் அவரைக் கேள்வி கேட்பான். ராஜாவும் பதில் சொல்வார். விடிய விடிய இரண்டு தமிழும் ஒரே மேடையில் நிற்கும். கீழே உட்கார்ந்திருக்கும் ஜனம் எதையும் குறைவாக நினைத்ததில்லை. உங்கள் கவிதையும் அப்படி இருக்கலாம். ஆயா ஆயாவின் பேச்சில் பேசட்டும். கோவையில் வேலை பார்க்கும் பேத்தி தன் இன்றைய தமிழில் பேசட்டும். ஒரு கவிதைக்குள் இரண்டு பேரும் எதிரெதிரே இருந்தால், நடுவில் விடுதியில் நடந்ததும் நீங்கள் இழந்ததும் தானாகவே தெரியும். முழுக் கவிதையையும் ஆயாவின் குரலிலேயே எழுத வேண்டும் என்று உங்களை நீங்களே கட்டாயப்படுத்திக்கொண்டால்தான் வேஷம் ஆகும். தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதுங்கள். “இதுக்கு ஆயா என்ன சொல்லும் என்று மறந்துவிட்டது” என்று ஒரு வரி வந்தால் அதுவும் கவிதைதான்.

எழுத்து விஷயத்தில் ஒரு யோசனை. ‘மழை’யை ‘மயை’ என்றும் ‘பழம்’ என்பதைப் ‘பயம்’ என்றும் எழுதாதீர்கள். நாம் அப்படித்தான் சொல்கிறோம், உண்மைதான். ஆனால் காகிதத்தில் அப்படி எழுதினால் படிப்பவர் கண் எழுத்துப் பிழையில் நின்றுவிடும். ‘கினு’வும் ‘கீது’வும் ‘ஆண்ட’வும் போதும், வாக்கியத்தின் நடை அவற்றிலேயே வந்துவிடும். அடைப்புக்குறிக்குள் பொருளும் கொடுக்காதீர்கள். கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களைத் தொகுத்தார், பெருமாள்முருகன் கொங்குச் சொற்களை, கண்மணி குணசேகரன் கடலூர், விழுப்புரம் பக்கத்து நடுநாட்டுச் சொற்களை. மூவரும் முதலில் எழுத்தாளர்கள். தங்கள் ஜனங்களின் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள், வாசகர்கள் தேடிப் படித்தார்கள். நம் பேச்சையும் தேடிப் படிப்பார்கள்.

அம்மாவின் வெட்கத்தை மட்டும் தள்ளிவிடாதீர்கள். பீடித் தூள் இருமலோடு அவர் கூலிக்கு உட்கார்ந்ததே உங்களை அந்த முறத்திலிருந்து எழுப்பி அனுப்பத்தான். மகள் படித்துவிட்டாள், இனி அந்த வாடையே வேண்டாம் என்று அவருக்குத் தோன்றுவதில் நியாயம் இருக்கிறது. கல்யாணப் பேச்சில், சொந்தக்காரர் வாயில் என்னவெல்லாம் கேட்டாரோ. அச்சுக்கு அனுப்புமுன் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். போனில் வேண்டாம், நேரில். கழிவு என்று கம்பெனிக்காரர் பீடிக் கட்டைத் திருப்பிப் போட்டால் அன்றைக்கு ஆயா என்ன சொல்லித் திட்டுவார் என்று கேளுங்கள். அம்மா தயங்குவார், பிறகு சொல்வார். நீங்கள் மறந்த பேச்சு அவர் வாயிலிருந்து வரும்போது குறித்துக்கொள்ளுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும் வரி ஏதாவது இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள்தானே? போய்வந்து மொத்தக் கவிதையையும் அனுப்புங்கள். அம்மா சொன்ன திட்டுகளும் வேண்டும்.

அன்புடன்,
அக்கா