பயணமா, சேமிப்பா?

கேள்வி: வயது 24. கையில் வரும் சம்பளம் 22,000 ரூபாய். வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் வட இந்தியா சுற்ற ஆசை. "முதலில் நாலு காசு சேர்" என்கிறார் அப்பா. பி.எஃப். பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பலாமா? - வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: தாராளமாகக் கிளம்புங்கள். பி.எஃப்.பில் மட்டும் கை வைக்காதீர்கள். ஐந்து வருட சர்வீஸ் முடியும் முன் எடுத்தால் வரி வரலாம். விட்டுவைத்தால் அடுத்த வேலையில் அதே யு.ஏ.என். எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) தொடரலாம்.

பலரும் கோட்டை விடுவது மருத்துவக் காப்பீட்டில்தான். கம்பெனி கொடுத்த குரூப் பாலிசி பொதுவாக வேலையோடு போய்விடும். தனி பாலிசி எடுத்தாலும் முதல் 30 நாளுக்கு விபத்து தவிர வேறு சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது. காசியில் டைஃபாய்டு வந்து படுத்தால் செலவு முழுக்க உங்கள் தலையில்தான். ஆகவே ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்பே பாலிசி எடுங்கள்.

ரயிலுக்குச் சுற்றுப்பயண டிக்கெட் கேளுங்கள். சேலத்தில் கிளம்பிச் சேலத்திலேயே முடியும். வழியில் எட்டு ஊர் வரை இறங்கலாம். தனித்தனியாக எடுப்பதைவிட மலிவு. நீங்களே வகுத்த பாதை என்றால், ரயில்வேயின் சேலம் கோட்ட வணிகப் பிரிவில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் வேலை தேட மூன்று மாதச் செலவுப் பணம் வேண்டும். அதைத் தனிக் கணக்கில் போட்டு, ஏ.டி.எம். கார்டை அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். அது சேராமல் நகையை அடகு வைத்துப் போவதாக இருந்தால், பயணத்தை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.