நட்சத்திர மீன எடுத்துட்டா என்ன ஆகும்?

கேள்வி: சயின்ஸ் புக்ல உணவு வலைன்னு படம் போட்டு நிறைய அம்புக்குறி போட்டிருக்காங்க. அதுல ஒரே ஒரு உயிரினத்த மட்டும் எடுத்துட்டா என்ன ஆகும்? அந்த இடத்துக்கு வேற ஒண்ணு வந்துடாதா? (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

பதில்: சில சமயம் வந்துடும்மா. ஒரே வேலைய ரெண்டு மூணு உயிரினம் பண்ணிட்டு இருந்தா ஒண்ணு போனாலும் பெருசா தெரியாது. ஆனா எது போச்சுங்கறதப் பொறுத்துதான் எல்லாமே. ராபர்ட் பெய்ன்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி இத செஞ்சே பாத்துட்டார். 1963ல வாஷிங்டன் மாநிலத்துல மக்கா விரிகுடாவுக்குப் போய், அலை அடிக்கிற பாறைல ஒரு பகுதிய எடுத்துக்கிட்டு அங்க ஒட்டியிருந்த நட்சத்திர மீன எல்லாம் பிச்சு கடல்ல வீசினார், திரும்ப வந்ததையும் விடாம எடுத்துட்டே இருந்தார், பக்கத்துல இன்னொரு பகுதிய தொடாம அப்படியே விட்டார். இந்த தொடாத பகுதி ரொம்ப முக்கியம், அது இல்லேன்னா மாற்றம் நட்சத்திர மீன் போனதாலதான் வந்துச்சுன்னு அடிச்சு சொல்ல முடியாது.

எடுத்த பகுதில முதல்ல கொட்டலசு (பாறைல ஓட்டோட ஒட்டிக்கிட்டு வாழற குட்டி உயிரினம்) பரவுச்சு, அப்புறம் மட்டின்னு சொல்ற சிப்பி வந்து அதையும் நெருக்கித் தள்ளிட்டு பாறைய பிடிக்க ஆரம்பிச்சுது. 15 வகை உயிரினம் இருந்த இடத்துல மிஞ்சினது 8.

காணாம போனதுல பாசியும் இருந்துச்சு பாரு, அங்கதான் விஷயமே இருக்கு. நட்சத்திர மீன் பாசிக்கு சாப்பாடு போடல, பாசிய திங்கவும் இல்ல. அது மட்டிய தின்னுட்டே இருந்ததால பாறைல இடம் காலியா கிடைச்சுது, அவ்வளவுதான். உன் புக்ல இருக்கிற அம்புக்குறி யாரு யாருக்கு சாப்பாடுன்னு மட்டும்தான் காட்டும், இடத்துக்கு நடக்கிற சண்டை அதுல தெரியாது.

கேள்வி: எரிமலை வெடிச்சு எல்லாமே அழிஞ்ச இடத்துல மறுபடி செடி கொடி எப்படி சார் வருது?

பதில்: முதல்ல, எல்லாமே அழியறது இல்லப்பா. 1980 மே 18ல செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடிச்சப்ப (இதுவும் வாஷிங்டன் மாநிலம்தான்) சில சரிவுல இன்னும் பனி உருகல, அதுக்கு அடியில இருந்த செடிங்க தப்பிச்சுது. வளைக்குள்ள இருந்த கோஃபர் எலிங்களும் பல இடத்துல பிழைச்சு, மண்ண தோண்டித் தோண்டி சாம்பலுக்கு மேல கொண்டு வந்து போட்டுச்சு, அந்த மண்ணுல விதை, நுண்ணுயிர் எல்லாம் இருக்கும்ல.

நிஜமாவே எதுவும் மிஞ்சாத இடமும் இருந்துச்சு, வெறும் எரிமலைக் கல்லு, சத்தே கிடையாது. அங்க முதல்ல வேர் பிடிச்சது லூபின்னு ஒரு குட்டைச் செடி. நம்ம அவரை குடும்பம்தான், வேர் முடிச்சுல இருக்கிற பாக்டீரியா காத்துல இருக்கிற நைட்ரஜன செடிக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கும், செடி செத்து மக்குனா அடுத்து வர்றதுக்கு அதுவே மண்ணு. புல், புதர், மரம்னு வரிசையா நேரா போகும்னு மட்டும் நினைச்சுடாதீங்க, லூபின் பரவ ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அத திங்க புழுவும் வந்து சேந்து பல இடத்துல பரவலையே மெதுவாக்கிடுச்சு.