கள்ளி விதைப்பு: புதைக்காதீர்கள், தோண்டாதீர்கள்

இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்தவற்றில் பாதிக்கு மேல் கள்ளி விதைப்பு பற்றிய கேள்விகள். எழுதும்போது இனத்தின் பெயர், விதைத்த தேதி, தொட்டி இருக்கும் இடம் மூன்றையும் தயவுசெய்து குறிப்பிடுங்கள். "என் கள்ளி முளைக்கவில்லை, ஏன்?" என்று ஒற்றை வரி அனுப்பினால் ஊகத்தில்தான் பதில் சொல்ல முடியும்.

கேள்வி: விதைத்து இரண்டு வாரம் ஆகிறது, ஒன்றுகூட முளைக்கவில்லை. தோண்டிப் பார்க்கலாமா?

வேண்டாம். இனத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை, ஆனால் எல்லாம் அதைப் பொறுத்துத்தான். புது விதை என்றால் ஆஸ்ட்ரோஃபைட்டம் மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும். மாமிலேரியாவும் ஜிம்னோகாலிசியமும் ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். சப்பாத்திக்கள்ளி வகைகளின் விதைக்குக் கெட்டியான உறை உண்டு. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துப் போட்டாலும் சில மாதங்கள்கூட ஆகலாம். அப்புறம், தோண்டும் அளவுக்கு ஆழத்தில் ஏன் போட்டீர்கள்? பெரும்பாலான கள்ளி விதைகள் முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே தூவி மெல்ல அழுத்தினால் போதும், மண் போட்டு மூடாதீர்கள். வெப்பநிலை 20 முதல் 30 டிகிரி வரை இருக்கட்டும். 35-ஐத் தாண்டினால் பல இனங்கள் முளைக்காமல் அப்படியே கிடக்கும்.

கேள்வி: விதைக்கக் கலவை என்ன விகிதம்?

இரண்டு பங்கு பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) அல்லது பெர்லைட் (லேசான வெள்ளைக் கல்துகள்) அல்லது கழுவிய பருமணல், ஒரு பங்கு சலித்த கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்). கடற்கரை மணலில் உப்பு இருக்கும், கூடாது. கலவையை ஈரமாக்கி ஆவியில் நன்றாக வேகவைத்து, ஆறிய பிறகு விதையுங்கள்.

கேள்வி: இணையத்தில் நீலம், ஊதா, சிவப்பு என்று பல நிறக் கள்ளி விதைகள் 100 வாங்கினேன். புல் மாதிரி ஏதோ முளைக்கிறது. நான் என்ன தவறு செய்தேன்?

வளர்ப்பில் ஒரு தவறும் இல்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம்தான் வருகிறது. முதன்முதலாக விதைக்க வருகிறவர்தான் பெரும்பாலும் இதில் மாட்டுகிறார். முளைத்தது புல் என்று தெரிந்ததும் "எனக்குக் கை ராசி இல்லை" என்று விட்டுவிடுகிறார்.

பளீரென்ற நீலத்திலும் ஊதாவிலும் கள்ளி உருண்டையைத் தரும் விதை எதுவும் கிடையாது. படங்களில் நிறத்தை மாற்றியிருப்பார்கள், இல்லையென்றால் செடிக்கே சாயம் பூசியிருப்பார்கள். பூசிய செடிக்கு வெளிச்சம் சரியாகப் போகாது, சுவாசமும் தடைபடும். கடைகளில் சிவப்பு, மஞ்சள் உருண்டையைத் தலையில் வைத்திருக்கும் செடி உண்மையானதுதான், ஆனால் அதுவும் விதைப் பாக்கெட்டில் வருவதில்லை. ஜிம்னோகாலிசியம் மிஹானோவிச்சியில் பச்சையம் இல்லாமல் பிறந்த திரிபு அது. சொந்தமாக உணவு தயாரிக்க முடியாததால் ஹைலோசீரியஸ் (டிராகன் பழக் கள்ளி) தண்டின் மேல் ஒட்டுக்கட்டி வாழவைக்கிறார்கள். பக்கக் குட்டிகளை எடுத்து மறுபடி ஒட்டுக்கட்டித்தான் அதைப் பெருக்குகிறார்கள். அப்படி ஒரு நாற்று விதையிலிருந்து தற்செயலாக வந்தாலும், உடனே ஒட்டுக்கட்டாவிட்டால் விதையில் இருந்த சேமிப்பு தீர்ந்ததும் செத்துவிடும். இயற்கையில் நீலம் பாரித்த கள்ளி உண்டு, பைலோசோசீரியஸ் பாக்கிகிளாடஸ் நல்ல உதாரணம். அதன் தோலில் படிந்த மெழுகுதான் அந்த நிறத்தைத் தருகிறது, சாயம் போட்டதுபோல் இருக்காது.

விதை வாங்கும்போது முழு அறிவியல் பெயரும் அறுவடை ஆண்டும் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். கலப்பு விதைப் பாக்கெட்டும் வேண்டாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் முளைக்கும், உங்களால் சமாளிக்க முடியாது. காட்டிலிருந்து எடுத்த விதையா, நர்சரியில் வளர்த்த தாய்ச்செடியின் விதையா என்றும் கேளுங்கள். 2015-இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டில் கள்ளி இனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அழிவு அபாயத்தில் இருப்பதாகத் தெரியவந்தது. சேகரிப்பவர்களுக்காகச் செடியையும் விதையையும் காட்டிலிருந்து எடுப்பது அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. நாம் விதையிலிருந்து வளர்ப்பதற்கு அர்த்தமே இங்கேதான் இருக்கிறது.

கேள்வி: நாற்றுகள் சிவந்துவிட்டன. நோயா?

வெளிச்சம் அதிகம். அந்தச் சிவப்பு பீட்டாலைன் என்ற நிறமி, நாற்று தன்னைக் காத்துக்கொள்ளப் போடும் திரை. நேர் வெயிலிலிருந்து எடுத்து, பளிச்சென்ற நிழலில் வையுங்கள். சில வாரத்தில் பச்சை திரும்பும்.

கேள்வி: என் நாற்றுகள் ஒல்லியாக, வெளுத்து, சாய்ந்து நீள்கின்றன.

வெளிச்சம் குறைவு. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஒரே நாளில் வெயிலில் வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: நேற்று நன்றாக இருந்த நாற்றுகள் இன்று அடியில் கண்ணாடிபோல் ஆகி விழுந்து கிடக்கின்றன.

நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற கிருமிகள் நாற்றின் கழுத்தில் பிடித்தால் ஓர் இரவில் தொட்டியே காலியாகும். விழுந்தவற்றையும் அதைச் சுற்றியுள்ள கலவையையும் ஸ்பூனால் அள்ளி எறியுங்கள், மூடியைத் திறந்து காற்று விடுங்கள், மீதிக்கு கேப்டான் போன்ற பூஞ்சைக்கொல்லியை லேபிளில் சொன்ன அளவில் தெளியுங்கள். விழுந்தவை பிழைக்காது. அடுத்த முறை கலவையையும் தொட்டியையும் சுத்தம் செய்துவிட்டு விதையுங்கள். விதையில் ஒட்டிய பழச்சதையையும் முழுசாகக் கழுவிவிடுங்கள், பூஞ்சை முதலில் அதில்தான் வரும். ஈரம் வேண்டும், தண்ணீர் தேங்கவே கூடாது.

கேள்வி: கள்ளிக்குத் தண்ணீர் ஆகாது என்பதால் நாற்றுகளை மூன்று வாரமாகக் காயவிட்டேன். சுருங்கிவிட்டன.

வளர்ந்த கள்ளிக்கான பேச்சு அது. நாற்றிடம் சேமிப்பு ஏது? முதல் ஆண்டு முழுக்க மேல்மண் முற்றிலும் காய்வதற்குள் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து தண்ணீர் ஏற்றுங்கள். குளிர்கால ஓய்வும் இந்த வயதில் தேவையில்லை. உடனே நீர் கொடுங்கள், வேர் உயிரோடு இருந்தால் மீளும்.

கேள்வி: ஈரம் காயாமல் இருக்க விதைத்த தொட்டியை மூடிய பிளாஸ்டிக் பையை எப்போது எடுக்க வேண்டும்?

முளைத்து இரண்டு மூன்று மாதத்தில், முள் தெரிந்த பிறகு. முதலில் ஓரத்தை மட்டும் திறந்து, ஒன்றிரண்டு வாரத்தில் முழுசாக எடுங்கள். பாசி படர்ந்தால் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். மூடிய பையை வெயிலில் வைத்தால் நாற்று வெந்துவிடும், இதையும் பல முறை சொல்லியாயிற்று.

கேள்வி: சின்னக் கறுப்பு ஈக்கள் பறக்கின்றன.

அவற்றின் புழுக்கள் நாற்றின் வேரைத் தின்னும். மேலே அரை சென்டிமீட்டர் பருமணல் பரப்புங்கள், ஈரத்தைக் குறையுங்கள், ஒட்டும் மஞ்சள் அட்டை வையுங்கள்.

கேள்வி: எப்போது தனித்தனியாக நட வேண்டும்?

பட்டாணி அளவு வந்து ஒன்றையொன்று இடிக்க ஆரம்பிக்கும்போது. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். கூட்டமாக இருந்தால் நாற்று நன்றாகவே வளரும், அவசரம் வேண்டாம். நட்டபின் சில நாள் விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், அறுந்த வேர் ஆறட்டும்.

கேள்வி: மிச்ச விதையை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

நன்றாகக் காய்ந்திருந்தால் வைக்கலாம். காகித உறையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள். ஆஸ்ட்ரோஃபைட்டமும் ஃப்ரைலியாவும் சீக்கிரம் வீரியம் இழக்கும், அந்த ஆண்டே விதைத்துவிடுங்கள். மாமிலேரியா பல ஆண்டுகள் தாங்கும். உறை மேல் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள்.